டம்ளர் உருண்ட பாட்டு

6 ஆகஸ்ட் 2000, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வந்து பார்த்தால் கூடத்தில் உட்கார இடமில்லை. சோபா மேல் கீபோர்டு. டீவி மேல் ஒரு டேப் மெஷின். ஒயர்கள் சாப்பாட்டு மேசையின் காலைச் சுற்றிக்கொண்டு கிடக்கின்றன. நடுவில், தரையில், என் வீட்டுக்காரர் வால்டர். புதுநன்மை வாங்கின பிள்ளையின் முகம். மடியில் ஒரு கறுப்புப் பெட்டி.

பெங்களூரில் ஏதோ ஆர்கெஸ்ட்ரா கலைந்துபோய், அவர்களுடைய பழைய ரிதம் பெட்டியை சுனில் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான். சுனில் என்றால் வால்டருடைய அக்கா மகன். தினமும் விடிகாலை ரயிலில் பெங்களூர் போய் ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் வேலை செய்கிறான். இந்த மாமனும் மருமகனும் சேர்ந்துவிட்டால் என் வீடு எனக்கில்லை.

"இன்னாங்க இது?"

"கேளு ஜூடி" என்று பொத்தானை அமுக்கினார். டும் டும் டும் டும். நாலும் ஒரே மாதிரி, ஒரே அளவு. நிற்கவே இல்லை.

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா அப்புறம்? இதான்."

எனக்குத் தெரியும் இது எங்கே தொடங்கியது என்று. எங்களுக்குக் கல்யாணமான இரண்டாவது வருஷம் துபாயிலிருந்து இவருடைய சிநேகிதர் ஒரு கேசட் அனுப்பினார். சிகாகோ ஊர் டான்ஸ் பாட்டு, ஹவுஸ் மியூசிக் என்று பெயர். அந்த வருஷம் நியூ இயர் டான்ஸில் அதைப் போட்டார். எங்கள் தங்கச் சுரங்க ஊர் மைசூர் மைன்ஸே வியர்த்துப்போகிற அளவுக்கு ஆடியது. அந்த ராத்திரியை விட்டு இவர் இன்னும் வெளியே வரவில்லை.

"இப்போ வர்றதெல்லாம் கம்ப்யூட்டர்ல பாலிஷ் போட்டது. மொதல்ல வந்தது அப்டி இல்ல. ஒரு பெட்டி, ஒரு பியானோ, ஒரு பொம்பளை குரல். முடிஞ்சிது. அதே மாதிரி ஒரு முழு கேசட் நான் பண்ணப் போறேன். தமிழ்ல."

பொம்பளை குரல் என்று சொல்லிவிட்டு என்னையே பார்த்தார். நான் அரிசி களையப் போய்விட்டேன்.

9 ஆகஸ்ட்

டும் டும் டும் டும். பல் விளக்கும்போதும்.

20 ஆகஸ்ட், ஞாயிறு

சுனில் தன் ஸ்டுடியோவிலிருந்து நேத்ரா என்ற பெண்ணைச் சாப்பிட அழைத்து வந்தான். சவுண்ட் இன்ஜினியராம். மைசூர்க்காரப் பெண், தமிழ் பேசினால் கன்னடம் பாதி வருகிறது. வால்டருடைய பெட்டியை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். ஒரு நிமிஷத்தில் இருவரும் சிநேகிதர்கள் ஆகிவிட்டார்கள்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு ராக் பர்ஸ்ட். கீழே சுரங்கத்தில் எங்கோ பாறை விட்டுக்கொடுத்திருக்கிறது. பெரியதும் இல்லை, சின்னதும் இல்லை. நான் குழம்புச் சட்டியைப் பிடித்துக்கொண்டேன், வால்டர் தண்ணிச் செம்பைப் பிடித்துக்கொண்டார், சுனில் ஒரு கையால் டீவியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தான். பேச்சு நிற்கவில்லை. திரும்பிப் பார்த்தால் நேத்ராவைக் காணோம். செருப்பில்லாமல், சோற்றுக்கையோடு தெருவில் நிற்கிறாள்!

"ஆன்ட்டி! பூகம்பா!"

"அதெல்லாம் இல்ல கண்ணு. உள்ள வா, சோறு ஆறுது."

இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு இது கதவு தட்டுகிற மாதிரி. பக்கத்தில் இருப்பதைப் பிடித்துக்கொள்வோம், அவ்வளவுதான். அவளுக்குப் புரியவைக்கவே முடியவில்லை. பாவம், முகம் வெளுத்துப் போய் நாலு மணி ரயிலுக்கே கிளம்புகிறேன் என்றாள். "இரேன்மா, இன்னும் கொஞ்சம் இரேன்" என்று வாசல்வரை போய்க் கெஞ்சினேன்.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால் வால்டர் காகிதத்தில் ஏதோ கிறுக்குகிறார்.

"இப்போ சொன்னியே, அதை மறுபடி சொல்லு."

"எதை?"

"இரேன், இன்னும் கொஞ்சம் இரேன்."

இவருக்கு முழுசாகப் பைத்தியம் பிடித்துவிட்டது.

3 செப்டம்பர்

தினமும் ஒரு தடவை கேட்கிறார். "ஜூடி, பாடறியா?" நானும் தினமும் ஒரு தடவை இல்லை என்கிறேன். ஒரே வரியைப் பத்து நிமிஷம் பாடுவதற்கு நான் எதற்கு? சர்ச் பாட்டுக்குழுவில் மேல்ஸ்தாயி முழுக்க என் தலையில்தான். ஆபீஸில் எட்டு மணி நேரம் இதே தொண்டைதான். ஃபேக்டரி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்துகொண்டு கிரேன் செக்‌ஷன், ஸ்டோர்ஸ், பர்சேஸ் என்று லைன் போட்டுக்கொடுத்தே ஓய்ந்துபோகிறது. வீட்டுக்கு வந்தால் குழம்புக்குத்தான் பாடுவேன். அதை ஒட்டுக்கேட்டுக்கொள்ளட்டும்.

ஒட்டுத்தான் கேட்கிறார். பாவி மனுஷன். சமையல்கட்டு வாசலில் நின்று, பாத்திர ஸ்டாண்டு என் குரலுக்கு எப்படிக் கிண்ணென்று பதில் சொல்கிறது என்று சுனிலுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது. கரண்டியை ஓங்கினேன்.

11 அக்டோபர்

பக்கத்து வீட்டு ஞானசுந்தரிதான் முதலில் பார்த்தாள். தண்ணி விடுகிற நாள், குடம் வைத்துக்கொண்டு நின்றிருந்தோம். "இன்னா ஜூடித்தக்கா, கழுத்துல ஒரு பக்கம் வீங்கினா மாதிரி கீது?" என்றாள். கண்ணாடியில் பார்த்தேன். எச்சில் விழுங்கும்போது அது மேலே ஏறி இறங்குகிறது. கொட்டைப்பாக்கு அளவு.

18 அக்டோபர்

கோலார் ஆஸ்பத்திரியில் தைராய்டு என்றார்கள். பெங்களூருக்குப் போகச் சொல்கிறார்கள். வால்டர் திரும்பும் ரயிலில் ஜன்னல் கம்பியில் விரலால் தட்டிக்கொண்டே வந்தார். டும் டும் டும் டும். அவருக்கே தெரியவில்லை.

30 அக்டோபர்

பெங்களூர் டாக்டர் பெயர் மமதா. என் வயதுதான் இருக்கும். நேராகப் பேசுகிறவர். கட்டியை எடுத்தே ஆக வேண்டும், தள்ளிப்போடக் கூடாது, எடுத்த பிறகுதான் நல்லதா கெட்டதா என்று தெரியும். குரலுக்குப் போகிற நரம்பு கட்டிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு ஓடுகிறதாம்.

"பாட்டு பாடுவேன் டாக்டர்" என்றேன்.

பேனாவைக் கீழே வைத்தார். "பேச்சுக்கு நான் பொறுப்பு. பாட்டுக்கு என்னால வாக்குக் கொடுக்க முடியாது. மேல் சுரம் போயிடலாம்" என்றார்.

வெளியே வந்து நான் அழவில்லை. வால்டர் அழுதார். பஸ் ஸ்டாண்டில், எல்லாரும் பார்க்க. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இளநீர் வாங்கிக் கொடுத்தேன்.

டிசம்பர் முதல் வாரம் ஆபரேஷன்.

8 நவம்பர்

ஒரு விஷயம் கவனிக்கிறேன். தினமும் "பாடறியா" என்று கேட்ட மனிதர் இப்போது கேட்பதில்லை. பெட்டிக்கு மேலே துணி போட்டு மூடிவிட்டார். என்னைக் கண்ணாடிச் சாமான் மாதிரி பார்க்கிறார். தண்ணிக்குடத்தைத் தூக்க விடுவதில்லை. வெந்நீர் வைத்துக் கொடுக்கிறார். அந்த வெந்நீரை அவர் தலையிலேயே ஊற்றலாமா என்று இருக்கிறது.

ஏன் கேட்கவில்லை? நான் செத்தா போய்விட்டேன்?

12 நவம்பர், ஞாயிறு

இன்றைக்குச் சண்டை போட்டேன். நன்றாகவே போட்டேன்.

"ஏன்யா கேக்க மாட்டேன்ற? இவ்ளோ நாளா உசுரை வாங்கினியே, இப்போ இன்னா வந்துச்சு?"

"எப்டி கேப்பேன் ஜூடி? போறதுக்கு முன்ன புடிச்சி வெச்சுக்கறேன்னு ஆயிடாதா? உன் கொரல் போயிடும்னு நானே முடிவு பண்ணிட்டா மாதிரி ஆயிடாதா?"

 இந்த ஆள் இப்படி நினைத்துக்கொண்டா இத்தனை நாள் வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தார்? போய் அவர் தலையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"துணியை எடு. பாடறேன்" என்றேன். "போறதுக்கு முன்ன பிடிச்சுதான் வையேன். என் கொரல்தானே. எங்க போனாலும் ஒண்ணு வீட்ல இருக்கட்டும்."

15 நவம்பர்

கேசட்டில் ஆறு பாட்டு. ஐந்தில் நான் சும்மா ஆ, ஓ என்று பின்னால் வந்தால் போதுமாம். ஆறாவதுதான் முழுக்க என்னுடையது. "இரேன், இன்னும் கொஞ்சம் இரேன்." மொத்தமே அந்த ஒரு வரி. முதலில் பேசுகிற மாதிரி, அப்புறம் கூப்பிடுகிற மாதிரி, கடைசியில் மேலே போய் "இரேன்" என்பதை மூச்சு தீரும்வரை இழுக்க வேண்டும். அந்த உச்சம் பாட்டுக்குழுவில்கூட ஈஸ்டருக்கு மட்டும்தான் தொடுவேன்.

ஒரே வரி, சலிப்பாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. திரும்பத் திரும்பச் சொல்லும்போது வார்த்தை தேய்ந்துபோய் உள்ளே இருப்பது வெளியே வருகிறது. இத்தனை வருஷம் இவர் சொன்னது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. அவரிடம் சொல்லவில்லை. தலை வீங்கிவிடும்.

19 நவம்பர், ஞாயிறு

முடிந்தது!

மத்தியானம், தெரு முழுக்கச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிற நேரமாகப் பார்த்து வைத்துக்கொண்டோம். சமையல்கட்டில்தான். ஜன்னலுக்குக் கம்பளி, கதவுக்குக் கம்பளி. பாத்திர ஸ்டாண்டைக் கழற்றட்டுமா என்று கேட்டதற்கு, "கை வைக்காதே, அதுவும் பாடட்டும்" என்றார். ஞானசுந்தரி வேடிக்கை பார்க்க வந்து முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். வாயைத் திறந்தால் வெளியே அனுப்பிவிடுவேன் என்று மிரட்டி உட்கார வைத்தேன்.

காதில் ஹெட்போன் போட்டு, அதில் டும் டும் கேட்க, நான் பாட, டேப் மெஷின் ஓட. முதல் மூன்று தடவை சரியில்லை. நாலாவது தடவை எனக்கே தெரிந்தது. உச்சத்துக்குப் போகும்போது தொண்டை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. கட்டி இல்லை, டாக்டர் இல்லை, டிசம்பர் இல்லை. இடது கையால் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, இழுத்தேன், இழுத்தேன், மூச்சு முடியும்வரை இழுத்தேன். ஒரு டம்ளர் மட்டும் கீழே விழுந்து உருண்டது. ஞானசுந்தரி சத்தமில்லாமல் காலை நீட்டி அதை நிறுத்தினாள். கெட்டிக்காரி.

போட்டுக் கேட்டோம். மூன்று பேரும் மூன்று தடவை கேட்டோம். சுனில் ரயிலிறங்கி வந்து அவனும் கேட்டான். "அத்தே, ஒரு கொறை சொல்ல முடியாது" என்றான். ஞானசுந்தரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வால்டர் அடுப்பைப் பற்றவைத்து எல்லாருக்கும் டீ போட்டார். அவர் போட்ட டீ எப்போதும் கேவலமாக இருக்கும். இன்றைக்கும் அப்படித்தான். இரண்டு கப் குடித்தேன்.

4 டிசம்பர்

நாளைக்கு. பயமாக இருக்கிறது. எழுத ஒன்றும் இல்லை.

14 டிசம்பர்

வீட்டுக்கு வந்தாயிற்று. கழுத்தில் மாலை மாதிரி தையல். பேசக் கூடாது என்று உத்தரவு. எனக்கு ஆபரேஷனைவிட இதுதான் தண்டனை. கை தட்டிக் கூப்பிடுகிறேன். ஒரு தட்டு என்றால் வா, இரண்டு தட்டு என்றால் தண்ணி, மூன்று தட்டு என்றால் என்னை விட்டுப் போ. சுரங்கத்தில் ஆட்களை இறக்குகிற கேஜுக்கு மணி அடிக்கிற மாதிரி இருக்கிறது என்று வால்டர் சிரிக்கிறார். மூன்று தட்டினேன்.

22 டிசம்பர்

கட்டி கெட்டதில்லை. ஸ்தோத்திரம். ஸ்தோத்திரம்.

25 டிசம்பர்

பூசையில் உட்கார்ந்திருந்தேன். பாட்டுக்குழுவில் இல்லை, பெஞ்சில். குளோரியா பாட்டை எல்லாரும் எடுத்தார்கள். நானும் வாயைத் திறந்தேன். மேலே போக வேண்டிய இடத்தில் ஒன்றுமே வரவில்லை. காற்று மட்டும் வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

வால்டர் பக்கத்தில் நின்றார். அவரும் பாடவில்லை.

16 ஜனவரி 2001

எக்ஸ்சேஞ்சில் திரும்பச் சேர்ந்தேன். என் குரல் இப்போது கீழே, மணல் கலந்தது போல இருக்கிறது. "ஹலோ எக்ஸ்சேஞ்ச்" என்றால், "புது ஆளாமா? ஜூடித் மேடம் இல்லையா?" என்று கேட்கிறார்கள். காலையிலிருந்து எத்தனை பேர். ஜூடித் லீவு என்று சொல்லிவிட்டேன் ஒருவரிடம். எனக்கே சிரிப்பாக இருந்தது, அப்புறம் சிரிப்பாக இல்லை.

சாயங்காலம் கிரேன் செக்‌ஷன் பெருமாள் மட்டும், "இன்னா மேடம், ஒடம்பு பரவால்லியா?" என்றார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றேன். "லைன் குடுக்கறதுக்கு முன்ன ஒரு பெருமூச்சு வுடுவீங்களே, அது மாறல" என்றார். அவருக்கு நாள் முழுக்க லைன் கொடுக்கலாம்.

28 ஜனவரி

டாக்டர் மமதா: பேச்சு இன்னும் தெளியும். மேல் சுரம் திரும்பாது. நேராகச் சொன்னதற்கு நன்றி சொன்னேன்.

அந்தக் கேசட்டை நான் கேட்கவில்லை. வால்டர் போட வந்தார், கையைப் பிடித்துக்கொண்டேன். முடியாது. அது வேறு ஒருத்தி. நன்றாக இருக்கிறாள், இருக்கட்டும். வீட்டில் எங்கேயோ இருக்கிறாள் என்று தெரிந்தால் போதும்.

11 பிப்ரவரி, ஞாயிறு

என்னமோ மறைக்கிறார்கள். சுனில் வந்தால் இருவரும் கொல்லைப் பக்கம் போய்விடுகிறார்கள். நான் போனால் பேத்தமங்களா ஏரி நிறைந்ததைப் பற்றிப் பேசுகிறார்கள். இவர்களுக்கு ஏரியைப் பற்றி எப்போது கவலை?

14 பிப்ரவரி

சுனிலைத் தனியாகப் பிடித்து உலுக்கினேன். கக்கிவிட்டான்.

ஆறு பாட்டையும் ஸ்டுடியோவில் நேத்ரா கையில் கொடுத்திருக்கிறார்கள், சேர்த்துச் சீர்படுத்த. என் பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது அவள் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து கதவுக்கு ஓடினாளாம். போன மாசம் குஜராத் பூகம்பச் செய்தி பார்த்ததிலிருந்து அவளுக்கு ஏற்கனவே நடுக்கம். "என்ன அது? ஏனது சத்தம்?" என்று பாதிக் கன்னடத்தில் கேட்டிருக்கிறாள். இவன், "எந்த சத்தம்?" என்றிருக்கிறான். மறுபடி போட்டார்கள். உச்சத்தில் நான் இழுக்கிற இடத்தில் தடாலென்று ஒரு பெரிய அதிர்ச்சி, ஸ்டாண்டு முழுக்கப் பாத்திரங்கள் கலகலவென்று நடுங்குகின்றன, ஒரு டம்ளர் விழுந்து உருளுகிறது.

ராக் பர்ஸ்ட்.

டம்ளர் உருண்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டதும் ஞாபகம் இருக்கிறது. ஏன் பிடித்தேன்? ஏன் உருண்டது? ஒருத்தருக்குமே தோன்றவில்லையே! மூன்று தடவை போட்டுக் கேட்டோமே, அய்யோ, சுனில் அதற்கப்புறம் எத்தனை தடவை கேட்டிருப்பான். பிறந்ததிலிருந்து கேட்டுக் கேட்டு எங்கள் காதுக்கு அது சத்தமே இல்லை. உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரனும் இப்படி ஏமாந்திருக்க மாட்டான்.

கேசட்டை வெளியிட ஒத்துக்கொண்டிருந்த கம்பெனிக்காரர் அந்தப் பாட்டு வேண்டாம், ஐந்து போதும் என்கிறாராம். இல்லாவிட்டால் திரும்பப் பாடிக் கொடுங்கள் என்கிறாராம்.

திரும்பப் பாடி.

15 பிப்ரவரி

கத்தினேன். இந்தக் குரலில் கத்தினால் நாய் உறுமுவது போல இருக்கிறது, அதனால் இன்னும் கோபம்.

"ஏன் எங்கிட்ட மறைச்சீங்க?"

"உங்கிட்ட எப்டி சொல்றது? மறுபடி பாடுன்னு கேக்கற மாதிரி இருக்கும்."

"நீங்க கேக்காமலே இருந்து இருந்து என்னைச் சாவடிக்கிறீங்க."

அந்த இடத்தை மட்டும் வெட்டிவிட முடியாதா என்றேன். சட்டென்று தலையை ஆட்டினார். பாறைச் சத்தமும் என் குரலும் ஒரே ட்ராக்கில் பின்னிக்கொண்டிருக்கின்றன. அதை வெட்டினால் உச்சம் போய்விடும். "உன் உச்சத்தை என் கையால வெட்டுவேனா நான்? ஆறும் வேணாம், கேசட்டே வேணாம். உன் பாட்டு இல்லாம மத்த அஞ்சை வெச்சுக்கினு நான் இன்னா பண்றது?"

ஆகஸ்டிலிருந்து இந்த மனுஷன் வேறு எதையாவது நினைத்திருக்கிறாரா? இவரே இப்போது கேசட் வேண்டாம் என்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கு அது வேண்டும். வெளியே வர வேண்டும். நான் கேட்காவிட்டாலும் யாராவது கேட்க வேண்டும். அவள் பெட்டிக்குள்ளேயே இருந்து மக்கிப்போக நான் அன்றைக்கு அப்படி இழுக்கவில்லை.

இதை அப்படியே அவரிடமும் சொல்லிவிட்டேன்.

28 பிப்ரவரி

சுரங்கத்தை இன்றோடு மூடுகிறார்கள். தெருவில் யாரும் சரியாகச் சமைக்கவில்லை. ஞானசுந்தரியின் வீட்டுக்காரர் கடைசி ஷிப்ட் முடிந்து வந்து தொப்பியைக் கழற்றாமல் வாசலில் உட்கார்ந்திருந்தார். ரசம் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்தார்.

மூடினாலும் கீழே பாறை சும்மா இருக்காது என்கிறார்கள். அதற்கு யார் உத்தரவு போடுவது?

7 மார்ச்

வால்டர் மறுபடி பெட்டி முன்னால் உட்கார்ந்துவிட்டார். என் பாட்டுக்கு அடித்த டும் டும் முழுவதையும் அழித்துவிட்டாராம். டும் டும் தனி ட்ராக், அழிக்கலாம். புதிதாக அடிக்கிறார். என்ன செய்கிறீர்கள் என்றால் சொல்லவில்லை. ஃபேக்டரியில் கிரேனுக்கு ஒயரிங் போடுகிற வேலையின்போது அவருக்கு வருகிற முகம். அந்த முகத்தோடு இருக்கும்போது பேச்சுக் கொடுக்கக் கூடாது.

18 மார்ச், ஞாயிறு

சொல்லிவிட்டார். அன்றைக்கு அந்த அதிர்ச்சி தாளத்துக்கு நடுவில், இரண்டு டும்முக்கு இடையில் வந்து விழுந்திருக்கிறது. அதனால்தான் நேத்ராவின் காதுக்கு விபத்து மாதிரி இருந்தது. "பாறையை நவுத்த முடியாது. பெட்டியை நவுத்தலாம் இல்ல?" என்கிறார். நான் உச்சத்துக்குப் போகத் தொடங்கியதும் டும் டும்மை நிறுத்திவிட்டார். எல்லாமே நின்றுவிடுகிறது. என் குரல் மட்டும். அப்புறம் பூமி, தன் ஒரே அடியை அடிக்கிறது. பாத்திரங்கள் நடுங்கி அடங்குகின்றன. டம்ளர் உருளுகிறது. ஞானசுந்தரி கால் வைத்து டக்கென்று நிறுத்துகிறாளே, அந்த டக்கில் எல்லாம் மறுபடி தொடங்குகிறது.

"அந்தக் காலத்து ஹவுஸ் பாட்டெல்லாம் இப்டித்தான் ஜூடி. வீட்ல, கெடச்ச மெஷின்ல பண்ணது. எரைச்சல் இருக்கும், தப்பு இருக்கும். அதான் அதோட உசுரு. நான்தான் மறந்து போயி பாலிஷ் போடப் பாத்தேன்."

கேட்கிறாயா என்றார். இல்லை என்றேன். ஆனால் அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் இல்லை என்றேன்.

ஞானசுந்தரிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "அக்கா, கேசட்டு அட்டையில எம் பேரு போடுவாங்களா?" என்று கேட்கிறாள். உன் கால் பேரைத்தான் போடுவார்கள் என்றேன்.

26 மார்ச்

கம்பெனிக்காரர் கேட்டுவிட்டு ஆறும் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்! நடுவில் வருகிற அந்தப் பெரிய அடி எந்த மெஷினில் செய்தது என்று கேட்டாராம். வால்டர், "பெரிய மெஷின் சார். பத்தாயிரம் அடி ஆழம். தூக்கிக்கினு வர முடியாது" என்றிருக்கிறார். இந்தக் கதையை இன்றைக்கு எனக்கே மூன்று தடவை சொல்லிவிட்டார்.

15 ஏப்ரல், ஈஸ்டர் ஞாயிறு

சாயங்காலம் ஊர் ஹாலில் ஈஸ்டர் டான்ஸ். கேசட்டை அங்கேதான் முதலில் போடுவது என்று வால்டர் பிடிவாதம். போகமாட்டேன் என்றேன். பச்சைப் பட்டுப்புடவையை அவரே இஸ்திரி போட்டு நாற்காலி மேல் வைத்துவிட்டு, கேட்காமல் போய்விட்டார். கேட்காமல் இருந்தே ஜெயிக்கிற ஆள். கட்டிக்கொண்டு போனேன். தையல் தழும்பு தெரியாமல் இருக்க முத்துமாலை.

கூட்டம் பரவாயில்லை. வேலை போன வீடுகள் பாதி. வந்தால்தானே ஆட முடியும் என்று வந்திருந்தார்கள். ஐந்து பாட்டுக்கும் ஆடினார்கள். நேத்ராகூட பெங்களூரிலிருந்து வந்து சுனிலோடு ஆடினாள். நான் கேக் மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன், ஆறாவது வந்ததும் வெளியே போய்விடலாம் என்று.

போகவில்லை. "இரேன்" என்று கேட்டதும் கால் நகரவில்லை. வாசலில் நின்று விருந்தாளியைக் கெஞ்சுகிற அதே குரல். என்னுடையதுதான். முதலில் எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது. இவ்வளவு சுலபமாக மேலே போகிறாளே! டும் டும் ஓடுகிறது, கூட்டம் ஆடுகிறது, அவள் ஏறுகிறாள், ஏறுகிறாள். சட்டென்று தாளம் நின்றது. ஹாலில் அவள் ஒருத்தி மட்டும்.

தடால்.

அப்போது ஒன்று நடந்தது. எழுதினால் நம்புவார்களா தெரியாது. ஹாலில் இருந்த அத்தனை பேரும் பக்கத்தில் இருந்ததைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் தூணை, ஒருவர் நாற்காலியை, ஒருத்தி பிள்ளையை. ஞானசுந்தரியின் வீட்டுக்காரர் இரண்டு கையாலும் ஜூஸ் டிரேயைப் பிடித்துக்கொண்டார். வால்டர், தானே வைத்த அடி என்று தெரிந்தும், டேப் மெஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். என் இரண்டு கையும் கேக் தட்டின் மேல் இருந்தன. ஹாலில் சும்மா நின்ற ஆள் நேத்ரா ஒருத்திதான். எங்கள் எல்லாரையும் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தாள்.

டம்ளர் உருண்டது. டக்.

டும் டும் டும் டும்.

ஒரே சிரிப்பு. ஹால் முழுக்கச் சிரித்துக்கொண்டே, பிடித்ததை விட்டுவிட்டு ஆடத் தொடங்கியது. நானும் சிரித்தேன், சத்தமாக, இந்தப் புதுக் குரலில். கரகரவென்று, ஆம்பிளை மாதிரி. அது என் காதுக்கு அசிங்கமாகவே இல்லை. மேலே அவள் பாட, கீழே நான் சிரிக்க, இருவரும் ஒரே நேரத்தில் ஹாலில் இருந்தோம்.

வால்டர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். "பூமி ஒண்ணும் ஆடலியே, எதுக்குப் பிடிக்கறீங்க?" என்றேன். விடவில்லை.

17 ஏப்ரல்

எக்ஸ்சேஞ்ச். "ஜூடித் மேடமா? பாட்டு கேட்டோம்" என்று நாள் முழுக்க. இன்றைக்கு ஒருவரும் புது ஆளா என்று கேட்கவில்லை.

29 ஏப்ரல், ஞாயிறு

மத்தியானச் சாப்பாடு முடித்துப் படுக்கலாம் என்று பார்த்தால் சமையல்கட்டு ஜன்னலில் கம்பளி தொங்குகிறது. மைக் நிற்கிறது. பெட்டி முன்னால் என் வீட்டுக்காரர்.

"இன்னா இது?"

எத்தனை மாசத்துக்கு அப்புறம் அந்தக் கேள்வி. தலையைத் தூக்கி, நேராகப் பார்த்துக் கேட்டார்.

"ஜூடி, பாடறியா?"

"மேல ஒண்ணும் இல்லைங்க."

"எனக்குக் கீழ வேணும்."

ஸ்டாண்டில் டம்ளர்களை நேற்றுதான் தேய்த்து அடுக்கியிருந்தேன். எடுத்து வைத்துவிடட்டுமா என்று கேட்டேன். இருக்கட்டும் என்றார்.

ஞானசுந்தரி வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். நான் இடது கையை ஸ்டாண்டின் மேல் வைத்துக்கொண்டேன். பாடினேன்.